சம்பங்கிப் பாத்தியில் நான் கட்டிய சிவப்பு நூல்

அன்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய சௌந்தரபாண்டி மச்சானுக்கு,

வருகிற கார்த்திகை வந்தால் நீங்கள் போய் ஒரு வருடம். இந்தக் கடிதத்தை இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். ஒன்று ஆய்வறிக்கை போல இருந்தது. இன்னொன்று தாசில்தாருக்குக் கொடுக்கும் மனுவைப் போல இருந்தது. உங்கள் தங்கை சரோஜா இரண்டையும் படித்துவிட்டு, "எங்கண்ணங்கிட்ட பேசுற மாதிரி எழுதுங்க. பாடம் நடத்தாதீங்க" என்றாள். முயல்கிறேன். நடுவில் பாடம் வந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தே கழிந்த ஆயுள்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் கற்பகம் சேவுகம்பட்டித் தோட்டத்தை விடவில்லை. பூப்பறிக்க ஆள் கூப்பிடுவது, வத்தலக்குண்டுக்கு மூட்டை அனுப்புவது, எல்லாம் அவள்தான். போன வாரம் எனக்குப் போன் செய்தாள். "மாமா, திங்கக்கிழமை டிராக்டர் வருது. கெணத்து மேட்டுப் பாத்திய ஓட்டிட்டு மல்லி போடப்போறோம். ஒங்களுக்கு எதுவும் பாக்கணும்னா வந்து பாத்துட்டுப் போங்க" என்றாள். குரலில் குத்தல் இருந்ததா, இல்லையா? எனக்கு இருப்பதாகவே பட்டது. யார் என்ன சொன்னாலும் எனக்கு அப்படித்தான் படும். அது உங்களுக்குத் தெரியும்.

கிணற்று மேட்டுப் பாத்தியில்தான் நம் இருவருக்கும் இடையில் பேச்சு நின்றது. இதைப் பத்திரிகையில் படிக்கிறவர்களுக்காக அதை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

இல்லை, அதற்கும் முன்னால் என் தலைதீபாவளியிலிருந்து சொல்ல வேண்டும். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. நீங்கள் ஓடிவந்து, "மாப்ள, பூசணிக் கொடியில செவப்புப் பூ பூத்திருக்கு, படிச்சவங்க வந்து பாத்துச் சொல்லுங்க" என்றீர்கள். நான் போய் உட்கார்ந்து, இதழ் எண்ணி, நோட்டில் படம் வரைந்து, அரை மணி நேரம் யோசித்தேன். அது செம்பருத்தி. கருவேல முள்ளால் கொடியில் குத்தி வைத்திருந்தீர்கள். வீடு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து உங்கள் கையிலிருந்து எந்தப் பூவை வாங்கினாலும் காம்பைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். கவனித்தீர்களா?

பல வருடம் கழித்து, நான் ஓய்வு பெற்ற பிறகு, அந்த மழை வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்ததில் பறிக்க ஆள் வரவில்லை. சம்பங்கியை விடியுமுன் மொக்காகப் பறித்துவிடுவார்கள். விரிந்த பூவை மார்க்கெட்டில் யாரும் தொட மாட்டார்கள். அந்த மூன்று நாளில் தோட்டம் முழுக்க விரிந்து கிடந்தது. நீங்கள் போன் செய்தீர்கள். "மாப்ள, நம்ம ஒத்தச் சம்பங்கியில அடுக்குப் பூ வந்திருக்கு. சத்தியமா முள்ளு இல்ல."

வந்து பார்த்தேன். சம்பங்கிக்கு வெள்ளை இதழ் ஆறு. உள்ளே மகரந்தத்தாள் ஆறு. நடுவில் சூலகம். உங்கள் பூவில் மகரந்தத்தாள் இருக்க வேண்டிய இடத்தில் இன்னும் ஆறு இதழ். ஒன்றில் மட்டும் பாதிக் காரியம்தான் நடந்திருந்தது: ஒரு பக்கம் இதழ், அதன் ஓரத்தில் மஞ்சளாய் ஒரு மகரந்தப் பை.

"எப்படி மாப்ள?" என்று கேட்டீர்கள். மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்து சொன்னேன். பூ உருவாகும் நுனியில் நான்கு வட்டங்கள் உண்டு. வெளியே புல்லி, அடுத்தது அல்லி, அடுத்தது மகரந்தத்தாள், நடுவில் சூலகம். எந்த இடத்தில் எது முளைக்க வேண்டும் என்பதை மூன்று வகை மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அவற்றுக்கு ஏ, பி, சி என்று பெயர். ஏ தனியாக வேலை செய்தால் புல்லி. ஏயும் பியும் சேர்ந்தால் அல்லி. பியும் சியும் சேர்ந்தால் மகரந்தத்தாள். சி மட்டும் என்றால் சூலகம். சம்பங்கியில் பி வெளி வட்டத்துக்கும் பரவியிருக்கிறது போலும். அதனால்தான் அதற்குப் பச்சைப் புல்லி கிடையாது, வெளியிலும் வெள்ளை இதழே.

நீங்கள் காதைக் குடைந்துகொண்டே கேட்டீர்கள். "த்ரீ பேஸ் கரண்டு மாதிரிங்கிறீங்க. ஒரு பேஸ் போனா எம் மோட்டார் நிண்டுபோகும். இங்க என்னடான்னா வேற ஏதோ ஓடுதே?"

"சி ஓய்ந்தால் அந்த இடத்துக்குள் ஏ நுழைந்துவிடும் மச்சான். அங்கே ஏற்கெனவே பி இருக்கிறது. ஏயும் பியும் சேர்ந்தால் இதழ்தானே?"

"அதாவது மூத்தவன் வெளியூரு போனா, பங்காளி வந்து நாற்காலியில உக்காந்துக்கிறான்."

நான் பல வருடம் வகுப்பில் சொன்னதை நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் சந்தேகப்பட்டேன். இவர் இதை ஏற்கெனவே எங்கேயோ கேட்டிருக்கிறார், என்னைப் பேசவிட்டு வேடிக்கை பார்க்கிறார் என்று நினைத்தேன்.

அன்று ராத்திரி நோட்டில் எழுதியவற்றை நேற்று மறுபடி படித்தேன். இப்படி எழுதியிருக்கிறேன்: இத்தனை வருடம் இந்தத் தோட்டத்தில் வராத பூ இப்போது ஏன் வருகிறது? மச்சான் போன மாதம் ஓசூர்ப் பக்கம் போய் வந்தார். அங்கே அடுக்குச் சம்பங்கி உண்டு. வரும்போது ஒரு சாக்கு கொண்டுவந்தார். பூவைக் காட்டும்போது சிரித்துக்கொண்டே காட்டினார். நோயாகவும் இருக்கலாம், தத்துப்பூச்சி பரப்பும் நோயில் எள்ளுப்பூ முழுக்கப் பச்சை இலையாகிவிடுமே. ஆனால் இதில் பச்சையே இல்லை. கடைசியாக, அந்தப் பாதி இதழைப் பற்றி: "எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். மகரந்தப் பை உதிரவில்லை. நல்ல பசையாக இருக்கலாம்."

நல்ல பசை! மரபணு மாற்றம் அரைகுறையாக நடக்கும்போது இப்படிப் பாதி உறுப்புகள் வரும் என்று வகுப்பில் படம் போட்டுக் காட்டியவன் நான். கையில் அசல் வந்தபோது பசையைத் தேடியிருக்கிறேன்.

அடுத்த வாரம் நீங்கள் நிலக்கோட்டை போயிருந்த நேரம் பார்த்து வந்தேன். அடுக்குப் பூ வந்த பன்னிரண்டு தூர்களிலும் அடியில் சிவப்பு நூல் கட்டினேன். எந்த வரிசையில் எத்தனையாவது தூர் என்று நோட்டில் படமும் போட்டுக்கொண்டேன். கிழங்கை மாற்றி நட்டால் நூல் காட்டிக்கொடுக்கும் என்பது என் ஏற்பாடு. பதினைந்து நாள் கழித்து வந்தால் ஒரு தூரிலும் நூல் இல்லை. பன்னிரண்டும் போயிருந்தன. எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பதற்குப் பயமாக இருந்தது.

அப்புறம் திண்டுக்கல்லில் அந்தப் பூ விவசாயிகள் கூட்டம். ஒரு தூரைப் பெயின்ட் வாளியில் மண்ணோடு வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். மேடையில் இருந்த அதிகாரி பார்த்துவிட்டு, "உங்க தோட்டத்துலயே தானா வந்ததா?" என்று கேட்டார். "எம் மாப்ள இருக்காக, அவுகளையே கேளுங்க. அவுகளுக்கு இதுதான் படிப்பு" என்று என்னைக் காட்டினீர்கள்.

எழுந்தேன். "உறுதியாகச் சொல்ல இயலாது. வெளியிலிருந்து வந்த கிழங்கு கலந்திருக்க வாய்ப்பு உண்டு" என்றேன்.

முன் வரிசையில் எரியோடு ஊர் விவசாயி ஒருவர் சத்தமாகச் சொன்னார். "என்ன பாண்டி, ஓசூர்ல வாங்குனத சேவுகம்பட்டியில பெத்தேங்கிறியா?"

அரங்கமே சிரித்தது. நீங்கள் என் பக்கம் திரும்பி, "மாப்ள, நீங்க கண்ணால பாத்தீங்கள்ல?" என்றீர்கள். நான் கண்ணாடிக் கூட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். வாளியைத் தூக்கிக்கொண்டு நடுவழியாகவே வெளியே போய்விட்டீர்கள்.

அதன் பிறகு நாம் கல்யாண வீடுகளில் பார்த்துக்கொண்டோம். "சாப்டீங்களா மாப்ள?" "ஆச்சு மச்சான்." அவ்வளவுதான். மார்க்கெட்டில் சில பேர் உங்களை "ஓசூரு" என்று கூப்பிட்டதாக அப்புறம் கேள்விப்பட்டேன். சரோஜா இரண்டு வருடம் என்னோடு சண்டை போட்டாள். "எங்கண்ணன் வெளையாடுவாரு. களவாட மாட்டாரு. ஒங்களுக்கு ஒங்க கண்ணு மேலயே நம்பிக்கை இல்ல, அவரு மேல எப்படி வரும்?" நான் ஆதாரம் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அந்த ஆதாரம் காணாமல்போன பன்னிரண்டு நூல் என்று அவளிடமும் சொல்லவில்லை. பிறகு உங்களுக்கு நெஞ்சு வலி வந்தது. நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கற்பகம் போன் செய்த பிறகு, சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வத்தலக்குண்டு இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துத் தோட்டத்துக்குப் போனேன். பழைய நோட்டையும் எடுத்துப் போயிருந்தேன். பறிப்பு முடிகிற நேரம். நெற்றியில் கட்டியிருந்த விளக்குகளை அணைத்துவிட்டுப் பெண்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கிணற்று மேட்டில் படத்தைப் பார்த்து வரிசை எண்ணினேன்.

உங்கள் பறிப்புக்காரி பேச்சியம்மாள் பார்த்துவிட்டாள். கற்பகம் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து இந்தத் தோட்டத்தில் பறிக்கிறவள்.

"என்ன சார் தூரு எண்ணுறீங்க? பாத்து. அந்தப் பாத்தியில முன்னால ஒருதடவ எவனோ செய்வினை வச்சுட்டான்."

"செய்வினையா?"

"செவப்பு நூலு சார். பன்னெண்டு தூருக்கு, முடிச்சு மேல முடிச்சு. பாத்ததும் எனக்குக் கையுங்காலும் ஓடல. மொதலாளிகிட்ட சொன்னா மனசு விட்டுப்போவாருன்னு, நாங்க நாலு பேருமே அவுத்து, சூடம் கொளுத்தி, வாய்க்கால்ல விட்டுட்டோம்."

"அவருக்குச் சொல்லவே இல்லையா?"

"சொல்லல. இனி எங்கிட்டுப் போயிச் சொல்ல?"

வரப்பில் உட்கார்ந்துவிட்டேன், மச்சான். சொல்லாமல் எழுந்து போய்விடலாமா என்றும் ஒரு நொடி நினைத்தேன். உங்களிடம் மறைப்பதில் இனி அர்த்தம் இல்லை.

"அந்த நூலைக் கட்டினது நான்தான்" என்றேன்.

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அடப் பாவி மனுசா! மொதலாளி மேல அம்புட்டுப் பகையா ஒங்களுக்கு?"

"பகை இல்ல, பேச்சியம்மா. ஆராய்ச்சி."

"ஆளு இல்லாத நேரம் பாத்து வந்து முடிச்சுப் போட்டுட்டுப் போறதுக்குப் பேரு ஆராய்ச்சியா? எங்க தெருவுல அதுக்கு வேற பேரு சார்." பக்கத்தில் இருந்தவள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். "அடுக்குப் பூ விரியுற குண்டு மொக்கப் பாக்கத்தான கட்டுனீங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாமயா? நான் வேலைக்கு வந்த நாள்லருந்து இந்தப் பாத்தியில குண்டு மொக்கு வருது. கைக்குத் தெரியும். கண்ணே வேணாம்."

நான் ஓய்வு பெற்ற பிறகு திடீரென்று வந்ததாக நினைத்த பூ, கற்பகம் தொட்டிலில் இருந்தபோதே இருந்திருக்கிறது. விரியுமுன் பறித்துவிட்டால் உள்ளே இருப்பது யாருக்குத் தெரியும்? பறிக்கிற விரலுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த விரலை நான் கேட்கவே இல்லை. பறிப்புக்காரிக்குத் தாவரவியலில் சொல்ல ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"ஏன் யாரிடமும் சொல்லவில்லை?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அதெல்லாம் தனியா மடியில போட்டுக்கிட்டுக் காளியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோயிருவோம். மாலைக்கு எடுப்பா இருக்கும். கேக்காம எடுத்தது. சாமிக்கே ஆனாலும் களவு களவுதான?" இதை எழுதலாமா என்று பின்னால் கேட்டேன். "எழுதிக்கோங்க, சாமி பாத்துக்கும்" என்றாள்.

இவ்வளவு கேட்டும் எனக்குள் ஒன்று முனகிக்கொண்டே இருந்தது. இவள் உங்கள் உப்பைத் தின்றவள், உங்கள் பேரைக் காப்பாற்ற இட்டுக்கட்டிச் சொல்கிறாளோ என்று. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு மிச்சம் நின்ற மொக்குகளில் குண்டு எது, ஒல்லி எது என்று தொட்டுச் சொல்லச் சொன்னேன். "பரீச்சையா?" என்றாள். சொன்னாள். நான் பிளேடால் ஒவ்வொன்றாகக் கீறினேன். குண்டு என்றவற்றில் மகரந்தத்தாள் இருக்கும் இடத்தில் இதழ் மடிந்து கிடந்தது. இரண்டில் பாதி இதழ், பாதி மகரந்தப் பை. ஒல்லி என்றவற்றில் ஆறு மகரந்தத்தாள். ஒரு மொக்குகூடத் தப்பவில்லை.

ஒரே தூரில் ஒரு தண்டு குண்டாகவும் பக்கத்துத் தண்டு ஒல்லியாகவும் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அதற்குள் கற்பகமும் வந்துவிட்டாள். மண்வெட்டி வாங்கி அந்தத் தூரை வேரோடு பெயர்த்து, வாய்க்கால் தண்ணீரில் மண் போகும்வரை கழுவினேன். இரண்டு தண்டும் இரண்டு பக்கக் கிழங்குகளிலிருந்து வந்தன. இரண்டு பக்கக் கிழங்கும் ஒரே தாய்க்கிழங்கில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒட்டிய இடத்தை நகத்தால் கீறினேன். சாறு கசிந்தது, பசை இல்லை. வெளியிலிருந்து கிழங்கு வாங்கிக் கலந்தால் இரண்டு தூர் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். இப்படி ஒரே தாய்க்குப் பிறந்து நிற்காது.

கற்பகம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா பொய் சொல்லலேல்ல மாமா?"

"அப்படித்தான் தெரியுது."

"தெரியுதுன்னா? சொன்னாரா, சொல்லலையா?"

"சொல்லல. அவரு பொய் சொல்லல."

அவள் அந்தக் கிழங்கை வாங்கி முந்தானையில் வைத்துக்கொண்டாள். சேறு அப்பியதைப் பற்றிக் கவலைப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்து டிராக்டர்காரருக்குப் போன் செய்து, அடுக்குப் பூ இருக்கும் மேற்கு நாலு வரிசையை விட்டுவிட்டு மற்றதை ஓட்டினால் போதும் என்றாள்.

எந்த மரபணு, எப்படி ஓய்ந்தது, ஏன் ஒரு கிழங்கில் ஓய்ந்து அடுத்த கிழங்கில் ஓயவில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அதற்கு ஆய்வகம் வேண்டும். சி என்று நான் சொல்வதும் பூவின் தோற்றத்தைப் பார்த்துச் செய்த ஊகமே. அதுவரைக்கும்தான் என் அறிவு.

ஊகம் வேண்டாத ஒன்று இருக்கிறது. அன்று அரங்கில் நான் சொன்னது விஞ்ஞானியின் எச்சரிக்கையா, தலைதீபாவளிச் சிரிப்புக்கு வைத்திருந்த பாக்கியா? எச்சரிக்கை என்றுதான் இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எச்சரிக்கை என்றால் உங்களிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே? அத்தனை பேர் நடுவில் சொன்னபோது எனக்குள் துளி சந்தோஷம் இருந்ததா? இருந்தது என்று நினைக்கிறேன். இருந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் கேட்டுவிடுகிறேன். ஓசூரிலிருந்து கொண்டுவந்த சாக்கில் என்ன இருந்தது? கற்பகத்துக்குத் தெரியவில்லை. சரோஜா என்னை முறைத்தாள். கிழங்கே சாட்சி சொன்ன பிறகும் அந்தச் சாக்கு என் மனதை விட்டுப் போகவில்லை. என்ன செய்ய? என்னை இப்படித்தான் உங்கள் தங்கைக்குக் கட்டிவைத்தீர்கள்.

தை மாதம் திண்டுக்கல்லில் பூ விவசாயிகள் மறுபடி கூடுகிறார்கள். கூட்டம் நடத்துகிறவர்களிடம் எழுதிக் கொடுத்துப் பேச நேரம் வாங்கிவிட்டேன். ஒரே தாய்க்கிழங்கில் இரண்டு பூ நிற்கும் தூரைக் கையில் எடுத்துப் போவேன். பேச்சியம்மாளும் கற்பகமும் கூட வருகிறார்கள். அன்று சிரித்தவர்கள் பலர் முன்னால் இருப்பார்கள். சிலர் இந்தக் கடிதத்தையும் படித்துக்கொண்டிருக்கலாம். எனக்குப் பயமாகத்தான் இருக்கும். ஆனாலும் எழுந்து நின்று சொல்வேன்: இந்தப் பூ சௌந்தரபாண்டி தோட்டத்தில் பிறந்தது, அவர் உண்மையைச் சொன்னார், அவரைப் பொய்யராக்கியது நான். யாராவது சிரித்தால் சிரித்து முடிக்கட்டும். முடியும்வரை நின்றுகொண்டிருப்பேன். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து சொல்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் தங்கை சரோஜாவைக் கட்டிய,
உங்கள் மாப்பிள்ளை